நன்றாகத் தூங்கிய ஊர்

கார்த்திகை பிறந்துவிட்டால் புதுப்பவானியில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் விடைபெற்றுக்கொள்வார்கள். "அப்ப, பங்குனியில பாக்கலாமுங்க" என்று சொல்லிக் கும்பிடுவார்கள். நகம் வெட்டிக்கொள்வார்கள். ஆண்கள் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்வார்கள். கடைசி இரண்டு நாள் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்து வயிற்றைக் காலியாக்குவார்கள். பிறகு குடிநீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்கத் தண்ணீரை வடித்துவிட்டு, அடுப்பை அணைத்து, ஜன்னலில் கம்பளி கட்டி, ஆளுக்கொரு பெட்டியில் படுத்து, ஊசி போட வரும் நர்ஸுக்காகக் காத்திருப்பார்கள்.

வெண்டரை என்ற அந்தக் கோளில் வேறு எப்படியும் வாழ முடியாது. கோடையில் கண்ணாடித் தோட்டங்களில் விளைவது பனி விழும் வரைக்கும்தான் போதும். பனி விழத் தொடங்கினால் ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிடும். சூரியன் என்று ஒன்று வரும், மலை விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடும். இத்தனை பேருக்குச் சோறும் சூடும் கொடுக்க வழியில்லாமல் துயில் வாரியம் கண்டுபிடித்ததுதான் நெடுந்துயில். துயிலூசி உள்ளே போன சற்று நேரத்தில் உடம்பு குளிர்ந்து, இதயம் எப்போதோ ஒரு முறை துடிக்கும். பசிக்காது. முடி வளராது. வயதும் ஏறாது. பெட்டியின் அடியில் வாரியம் தனியாக ஓடவிடும் வெந்நீர்க் குழாய், ஆள் உறைந்துபோகாத அளவுக்கு மட்டும் சூடு தரும். பங்குனியில் பனி இளகும்போது எல்லாரும் எழுந்து வருவார்கள்.

சிலர் உடம்புக்கு இந்த ஊசி பிடிக்காமல் போகலாம் என்று வாரியத்தின் விதிகளில் ஒரு வரி இருந்தது. அதற்கு 'விழிப்புக் குறை' என்று பெயர். குறையுள்ளவர்களை, கோளைச் சுற்றிக்கொண்டிருக்கும் மிதவை முகாமுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அடுத்த வரி. புதுப்பவானியிலிருந்து யாரும் அங்கே போனதில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே பயம் அதிகமாக இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் கேட்பது, "பொண்ணு நல்லாத் தூங்குமுங்களா?" என்பதுதான்.

அந்த வருடம் நர்ஸ் ஸ்டெல்லா மருதாசலத்தின் வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி வேதநாயகி மூன்று மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து உண்டான பிள்ளை. மருதாசலம் கண்ணாடித் தோட்டத்தில் குழாய் வேலை பார்ப்பவன். எதையும் இரண்டு முறை யோசிப்பவன். வேதநாயகி நாற்றுப் பண்ணையில் வேலை செய்பவள்; யோசிப்பதற்கு முன்பே எழுந்து நடந்துவிடுபவள்.

"சிஸ்டர், புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று பெட்டிக்குள் படுத்தபடியே கேட்டாள்.

"என்ன ஆகும்? அதுவும் உங்ககூடச் சேந்து தூங்கிரும். மூணு மாசத்தோட படுக்கறீங்க, மூணு மாசத்தோட எந்திரிப்பீங்க" என்றாள் ஸ்டெல்லா, ஊசியைத் தட்டிக்கொண்டே.

ஸ்டெல்லாவின் பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணன் வாசலில் நின்று தலையை நீட்டினார். ஊரில் தூக்கத்துக்குப் பேர் போனவர் அவர். "ஒண்ணும் பயப்படாதீங்க அம்மிணி. எனக்கெல்லாம் போன வருசம் சிஸ்டர் ஊசியை உருவறதுக்குள்ள கொறட்டை வந்திருச்சு. அப்பறம் கண்ணு முழிச்சா பங்குனி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஊசி போட்டாயிற்று. மூடிகள் இறங்கின. ஸ்டெல்லாவின் காலடி அடுத்த வீட்டுக்குப் போய், அதற்கடுத்த வீட்டுக்குப் போய், பிறகு கேட்கவில்லை. தெருவில் பனி சத்தமே இல்லாமல் விழுந்தது.

"ஏனுங்க" என்றது ஒரு பெட்டி.

"ம்."

"போயிட்டாங்களா?"

"சித்தப் பொறு" என்றது மற்றொரு பெட்டி.

வெகுநேரம் கழித்து இரண்டு மூடிகளும் மெதுவாகத் திறந்தன. இருவரும் எழுந்து உட்கார்ந்து, சத்தம் வராமல் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள்.

மருதாசலத்துக்கும் வேதநாயகிக்கும் நெடுந்துயில் வருவதில்லை. இரவில் ஏழெட்டு மணி நேரம் தூங்கும் அந்தப் பழைய பூமித் தூக்கம் ஒழுங்காக வந்தது. ஊசிக்கு வரவேண்டிய தூக்கம்தான் வரவில்லை. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் வேதநாயகி இரண்டு நாள் பெட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தனக்குத்தான் குறை, புருஷனுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அழுதாள். பசி தாங்காமல் மூடியைத் தூக்கியபோது, எதிரே தன் பெட்டி விளிம்பில் உட்கார்ந்து மருதாசலம் ஒரு பச்சை முள்ளங்கியைக் கடித்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவன் முள்ளங்கியில் பாதியை முறித்து நீட்டினான். அன்றைக்குத்தான் உண்மையில் தங்களுக்குக் கல்யாணம் நடந்தது என்று வேதநாயகி பிற்பாடு சொல்வாள்.

அதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் களவு வாழ்க்கைதான். கோடை முழுக்க ராகியும் பருப்பும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, பெட்டிக்கு அடியில் மறைத்து வைப்பார்கள். குழாயில் தண்ணீர் இருக்காது; பின்ஜன்னலைத் திறந்து பனியை வாளியில் அள்ளி உருக்குவார்கள். முன்பக்கத்துப் பனியில் ஒரு தடம்கூடப் பதியக் கூடாது. வாசம் தெருவுக்குப் போய்விடும் என்று தாளிப்பதில்லை. விளக்கு கிடையாது, கம்பளி ஓரத்தில் கசியும் சாம்பல் வெளிச்சம்தான். மூச்சு விட்டால் போர்வை விளிம்பில் உறைந்து முள்ளாகக் குத்தும். துவைத்துப் போட்ட துணி பலகையாக விறைத்து நிற்கும். வீட்டிலேயே கதகதப்பான இடம் துயில்பெட்டி. அதனால் மருதாசலத்தின் பெட்டியில் தோசை மாவு புளித்துக்கொண்டிருக்கும்.

சண்டை போடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். கத்த முடியாது. பாத்திரத்தைப் போட்டு உடைக்க முடியாது. கோபித்துக்கொண்டு போக இன்னொரு அறை கிடையாது. உதட்டை மட்டும் அசைத்துக் கிசுகிசுப்பில் திட்டிக்கொள்வார்கள். மாசி கடைசியில் ஒருவருக்கொருவர் முடி வெட்டி, நகம் நறுக்கி, முடியை அடுப்பில் எரித்துவிட்டு, பெட்டிக்குள் படுத்து, யாராவது வந்து எழுப்பும் வரை காத்திருப்பார்கள்.

முடியை வெட்டலாம். இந்த வருடம் வயிற்றை என்ன செய்வது?

மார்கழியில் புடவைக் கட்டு மாறியது. தையில் பிள்ளை அசைந்தது. வேதநாயகி மூலைக்கும் மூலைக்கும் நடந்தாள். எட்டு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். திரும்பி நடந்தாள்.

"சும்மா நடந்துட்டே இருந்தா எனக்கும் தல சுத்துது" என்று கிசுகிசுத்தான் மருதாசலம்.

"பங்குனியில எந்திரிச்சுப் போயி நிக்கறப்ப என்ன சொல்றதுங்க? மூணு மாசத்தோட படுத்தவ எட்டு மாசத்தோட வந்தா பாக்கறவங்களுக்குக் கண்ணில்லையா?"

"ரெட்டப் புள்ளைன்னு சொல்லிரலாம்."

"ரெண்டையும் எங்கன்னு கேப்பாங்க அப்பறம்."

"துணியில இறுக்கிக் கட்டிக்கிட்டா?"

அவள் முறைத்த முறைப்பில் அவனே வாயை மூடிக்கொண்டான். மிதவை முகாமைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆனால் அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்கும், அவள் அதைத்தான் நினைக்கிறாள் என்று அவனுக்கும் தெரிந்தது. அவர்களுக்கு மேலே பனி கூரையில் ஏறி உட்கார்ந்து, அவ்வப்போது ஒரு மரச்சட்டம் முனகியது.

தை முடியும் தறுவாயில் ஒரு காலை, பின்ஜன்னலில் பனி அள்ளும்போது வேதநாயகி வழுக்கி விழுந்தாள். தரையில் சிந்திய தண்ணீர் கண்ணாடிபோல உறைந்திருந்தது. எழுந்துவிட்டாள். கொஞ்ச நேரம் இடுப்பு வலித்தது, நின்றுவிட்டது. ஆனால் அன்று முழுக்கப் பிள்ளை அசையவில்லை. மறுநாள் விடிந்தும் அசையவில்லை. அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி வந்தது. புடவையில் இரத்தக் கறை இருந்தது.

"சிஸ்டரைக் கூட்டிட்டு வாங்க."

மருதாசலம் எழுந்து நின்றான். மறுபடி உட்கார்ந்தான். "நெடுந்துயில்ல இருக்கறவங்களப் பாதியில எழுப்புனா நெஞ்சு நின்னுரும்னு பள்ளிக்கூடத்துல படிச்சமே வேதா. நம்மனால அவங்க செத்துட்டா?"

"அப்ப என் புள்ள செத்தாப் பரவாயில்லையா?"

அதை அவள் கிசுகிசுக்கவில்லை. ஐந்து குளிர்காலமாக அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து பேசியதில்லை. குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மருதாசலம் நடுங்கிப்போனான். அவன் நடுக்கம் தீருவதற்குள் வேதநாயகி போர்வையைச் சுற்றிக்கொண்டு முன்கதவின் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள்.

வெளியே இடுப்பளவு பனி. ஒரு தடம் இல்லாத வெள்ளைத் தெரு. மருதாசலம் முன்னால் போய்க் காலால் உழுது வழி செய்தான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஊர் முழுக்கத் தெரியும்படி ஒரு கறுத்த பள்ளம் நீண்டது. இருவரும் முன்னால் மட்டுமே பார்த்து நடந்ததால், தெருவின் இரண்டு பக்கமும் ஜன்னல் கம்பளிகள் ஓரமாக விலகி, விலகிய வேகத்தில் மூடிக்கொண்டதை அவர்கள் பார்க்கவில்லை.

ஸ்டெல்லாவின் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. மறுபடி தட்டினார்கள். உள்ளே ஒரு இருமல் பாதியில் அடங்கியது.

மருதாசலம் மூக்கை உறிஞ்சினான். "சிஸ்டர்" என்றான் கதவிடம், "காப்பி வாசம் வருதுங்க."

கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது ஸ்டெல்லா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "யாரு? சத்தம் கேட்டு... இப்பத்தான் முழிப்பு வந்துச்சு..." என்று குழறினாள். அவளுடைய மற்றொரு கையில் ஆவி பறக்கும் டம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு வேதநாயகியின் வயிற்றைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"உள்ள வாங்க. படுங்க."

பனியில் வந்த உடம்பு சூடேறும் வரை கம்பளியில் சுற்றி, ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து அங்கும் இங்குமாக நகர்த்தினாள். அவள் முகத்தையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் கை நின்றது.

"துடிக்குது" என்றாள். "நல்லாவே துடிக்குது. புள்ள தூங்குதுங்க. நமக்கெல்லாம் வராத தூக்கம் அதுக்கு வந்திருக்கு."

வேதநாயகி சிரிக்கவும் அழவும் செய்தாள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "ஆனா வலி நிக்கணும். இல்லைன்னா இப்பவே பொறந்திரும், இந்தக் குளிர்ல தாங்காது. அதுக்கு மருந்து ஏத்தணும். மருந்துக் கொட்டகையிலதான் இருக்கு. அது கதவு தெரியாமப் பனியில பொதைஞ்சு கெடக்கு."

மருதாசலம் ஒரு பலகையை எடுத்துக்கொண்டு போய்த் தோண்டிப் பார்த்தான். மேலே இருந்து சரிந்த பனி, தோண்டிய குழியை மறுபடி நிரப்பியது. கை மரத்துத் திரும்பி வந்தான். "ஒத்தை ஆளால ஆகாதுங்க. மம்பட்டி வேணும். ஆள் வேணும்."

ஸ்டெல்லா தயங்கினாள். பிறகு பக்கத்துச் சுவரைக் கண்ணால் காட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பொங்கியண்ணன் வீடு. "ரெண்டு மூணு வருசமாவே குளிர்காலத்துல அந்தப் பக்கம் யாரோ தாயம் உருட்டற சத்தம் கேக்கும். எலின்னு நினைச்சுக்குவேன்."

"இந்தக் கோள்ல எலி கிடையாதே சிஸ்டர்."

"அதான் எனக்கும் சந்தேகம்" என்றாள் ஸ்டெல்லா.

மருதாசலம் பொங்கியண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றான். தட்டினான். உள்ளே எதுவோ உருண்டு நின்றது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணா" என்றான் கதவிடுக்கில் வாயை வைத்து. "நீங்க நல்லாத் தூங்கிட்டுத்தான் இருக்கீங்க. உங்களை நான் பாக்கலை. பாத்ததா யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். ஆனா என் சம்சாரத்துக்கு வலி வந்திருச்சுங்க. மருந்துக் கொட்டகையத் தோண்டணும். ஒரு மம்பட்டி மட்டும் குடுங்க."

 அவன் திரும்ப இருந்த நேரத்தில் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை ஒரு மம்பட்டியை வெளியே நீட்டியது. அவன் வாங்கிக்கொண்டதும் கதவு சாத்திக்கொண்டது.

அவன் தோண்டத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பின்னால் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. தலை முதல் முழங்கால் வரை போர்வை சுற்றிய ஒரு பருத்த உருவம், கண் மட்டும் தெரிய, இன்னொரு மம்பட்டியோடு வந்து பக்கத்தில் நின்று தோண்டியது. தெருக்கோடியிலிருந்து மற்றொரு உருவம் வந்தது. பிறகு இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் பெயரை ஒருவர் சொல்லவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு போர்வைக்குள்ளிருந்து தும்மல் வந்தபோது எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கொட்டகைக் கதவு தெரிந்ததும், மருதாசலம் உள்ளே ஓடி மருந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அங்கே ஒருவரும் இல்லை. அவரவர் போன தடத்தை அவரவரே பின்பக்கமாக நடந்து விளக்குமாற்றால் பெருக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

வேதநாயகியின் வலி நின்றது. பத்து நாள் ஸ்டெல்லாவின் வீட்டிலேயே அசையாமல் படுத்திருந்தாள். அசையாமல் படுப்பதுதான் அவளுக்கு எமன். கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். "சிஸ்டர், அத்தன பேரும் முழிச்சிட்டுத்தான் இருக்காங்க. அப்பறம் எதுக்கு இந்தக் கூத்து? எல்லாரும் சேந்து ஒரே கூடத்துல அடுப்ப மூட்டி உக்காந்தா என்ன?"

"யாரு மொதல்ல கதவத் தொறக்கறது?" என்றாள் ஸ்டெல்லா. "ஊசி போடறவளே நான். எனக்கே ஏறலைன்னு வெளிய சொன்னா என் வேலை என்ன ஆகறது?"

பங்குனி வந்தது. கூரைகளில் பனி சொட்டத் தொடங்கியது. வாரியத்தின் கப்பல் இறங்கி, மேற்பார்வையாளர் தில்லைநாதன் பொதுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊர் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. சிலர் தள்ளாடினார்கள். பொங்கியண்ணன் வாசலில் வெயிலைப் பார்த்துக் கண் கூசுவதுபோல் கையை வைத்த நேர்த்தியை மருதாசலம்கூட வியந்தான். படுக்கப் போனபோது முட்டியைத் தொட்ட சிறுமிகளின் பாவாடைகள் இப்போது தொடைக்கு ஏறியிருந்தன. "தூக்கத்துல நல்லா வளத்தி குடுத்திருக்கு" என்று பிள்ளைகளின் தாய்மார்கள் சொல்லிக்கொண்டார்கள்.

வேதநாயகி எட்டு மாத வயிற்றோடு உள்ளே வந்தாள். மேற்பார்வையாளரின் கண் அந்த வயிற்றில் நின்றது. அவர் தன் கைப்பலகையைப் பார்த்தார். மறுபடி வயிற்றைப் பார்த்தார்.

"இவர் துயில்கொண்டபோது எத்தனை மாதம்?"

மருதாசலம் ஸ்டெல்லாவைப் பார்த்தான். ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள்.

"எட்டு மாசமுங்க" என்றார் பொங்கியண்ணன், கூட்டத்திலிருந்து. "எட்டு மாசத்தோடதான் படுத்தாங்க."

"ஆமாங்க, வளைகாப்பு பண்ணிட்டுத்தான படுக்க வெச்சோம்" என்றாள் அவர் மனைவி ராசாமணி. "நானே வளையல் போட்டு உட்டனே."

"எலுமிச்சஞ்சாதம், தயிர்சாதம்னு அஞ்சு வகைச் சோறு ஆக்குனமே" என்று யாரோ சேர்த்தார்கள். அந்தச் சோற்றின் ருசியை மூன்று பேர் புகழ்ந்தார்கள்.

தில்லைநாதன் கைப்பலகையில் மூன்றை அழித்து எட்டு என்று போட்டுக்கொண்டார்.  நடக்காத வளைகாப்புக்கு இத்தனை பேர் சாட்சி சொன்னதை வேதநாயகி ஒருநாளும் மறக்கவில்லை.

மேற்பார்வையாளர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "புதுப்பவானி மக்களுக்கு வாரியத்தின் பாராட்டு. இந்த ஊரில் ஒருவருக்குக்கூட விழிப்புக் குறை இல்லை. துயில் உங்களுக்கு இவ்வளவு நன்றாக ஒத்துப்போவதால், வரும் ஆண்டு முதல் நெடுந்துயில் புரட்டாசியிலேயே தொடங்கும். அந்த மாதங்களுக்கான உணவுப் பங்கீடு மற்ற குடியிருப்புகளுக்குப் போகும்."

கூட்டம் கை தட்டியது. தட்டிக்கொண்டே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நான்கு மாதக் குளிருக்கே கோடை முழுக்க வாயைக் கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இனி அரை வருடத்துக்கு எதைத் தின்பது என்ற கணக்கு எல்லார் முகத்திலும் ஓடியது. ஆனால் கைதட்டல் நிற்கவில்லை.

வேதநாயகி வயிற்றில் கை வைத்தபடி மருதாசலத்தைப் பார்த்தாள். 'வேண்டாம்' என்று அவன் தலையசைத்தான். அவள் எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க, எங்களுக்கு அந்தத் தூக்கம் வர்றதில்லீங்க" என்றாள். "அஞ்சு வருசமா வரலை. குளிர்காலம் முழுக்க முழிச்சுத்தான் இருக்கோம். மூணு மாசத்தோடதான் படுத்தேன். சோத்தைக் குறைச்சா எம்புள்ள பட்டினி கெடக்கும்."

கைதட்டல் நின்றது. அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். இப்போது பொங்கியண்ணன் எழுவார், ராசாமணியக்கா எழுவாள், மம்பட்டியோடு வந்தவர்கள் எழுவார்கள் என்று காத்திருந்தாள்.

பெஞ்சுகளில் ஒருவரும் அசையவில்லை. பொங்கியண்ணன் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தார். "அப்படிங்களா?" என்றார் மிகுந்த இரக்கத்தோடு. "அஞ்சு வருசமாவா? அடப் பாவமே! எங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

மருதாசலம் எழுந்து நின்றான்.  "எனக்கும் வரலீங்க" என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

இருவரையும் கப்பலுக்குள் அழைத்துப் போனார்கள். மிதவை முகாம்தான் என்று வேதநாயகி நினைத்தாள். தில்லைநாதன் கதவைச் சாத்திவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஐந்து வருடத்துக்கு முன்னால் துயிலூசி தயாரிக்கும் ஆலை எரிந்துபோயிற்று" என்றார். "அதிலிருந்து எல்லாக் குடியிருப்புகளுக்கும் நாங்கள் அனுப்பியது உப்புத் தண்ணீர். ஒரு குளிர்காலத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும், கலவரம் வரும் என்று பயந்தோம். ஒரு புகார்கூட வரவில்லை. எங்கே போனாலும், படுத்ததுதான் தெரியும் என்றார்கள். மருந்தே இல்லாமல் மக்கள் பழகிவிட்டார்கள் என்று வாரியம் முடிவு செய்துவிட்டது."

"எல்லாரும் முழிச்சுத்தாங்க இருக்காங்க!"

"யார் சொன்னார்கள்?" என்று கேட்டார் அவர். "உங்கள் இருவரையும் தவிர?"

வேதநாயகி சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆலை போன வருடம் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் தேவையில்லை என்று கொஞ்சமாகத்தான் தயாரிக்கிறார்கள். குறையுள்ளவர்களுக்கு மட்டும். திருப்பி அனுப்பும் செலவுக்கு மருந்தே மலிவு." அவர் ஒரு சிறு பேழையைத் திறந்தார். மூன்று குப்பிகள் இருந்தன. "உங்களுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, குழந்தைக்குப் பாதி அளவு. வருடா வருடம் வரும்."

அதை வேதநாயகி ஊரில் ஒளிக்கவில்லை. வீடு வீடாகப் போய், அது வெறும் உப்புத் தண்ணீர், வாயைத் திறந்து கேட்டால் நிஜ மருந்து தருவார்கள் என்று சொன்னாள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். "உப்புத் தண்ணியோ சக்கரத் தண்ணியோ, எங்களுக்கு ஒத்துக்குது அம்மிணி" என்றார் பொங்கியண்ணன். ஸ்டெல்லா மட்டும் பேசாமல் அவளுக்குக் காப்பி கலந்து கொடுத்தாள்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. புரட்டாசியில், ஒரு இலைகூட உதிராத நாளில், ஊர் தூங்கப் போனது. வேதநாயகி வீட்டில்தான் அன்றைக்குக் கூட்டம். நோயாளியைப் பார்க்க வருவதுபோல் பழமும் கையுமாக வந்து, குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனார்கள். எல்லார் கன்னமும் கோடையிலேயே ஒட்டத் தொடங்கியிருந்தது; அரை வருடத்துக்கான தானியத்தை வாயைக் கட்டிச் சேர்த்த அடையாளம்.

கடைசியாக ராசாமணி வந்தாள். வாசலில் நின்ற இரண்டு பெண்களிடம், "என்ன பண்றதுங்க, பாவம், குடும்பத்துக்கே ஊசி போட்டாத்தான் தூக்கம் வருதாமா. இந்தச் சின்ன வயசுல" என்று பெருமூச்சு விட்டாள். அவள் கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல் இருந்தது.

உள்ளே வந்து குழந்தையைக் கொஞ்சினாள். வாசலில் நின்றவர்கள் நகர்ந்ததும் குனிந்து, வேதநாயகியின் காதருகே வந்தாள்.

"கண்ணு, அந்த மருந்துல ஒரு சொட்டு மிச்சம் கிச்சம் இருக்குமா? எனக்கில்ல சாமி. தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்கு."

வேதநாயகி அவள் முகத்தைப் பார்த்தாள். மருதாசலமும் பார்த்தான்.

"அதுக்கென்னக்கா, வாரியமே குடுக்குமே" என்றாள் வேதநாயகி. "ஊசி கொண்டாந்த கப்பல் இன்னும் போகலை. அவங்களையே நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

ராசாமணி பதறிப்போய்க் கையை உதறினாள்.

"அவங்க எப்படி கண்ணு வருவாங்க? இந்நேரம் நல்லாத் தூங்கியிருப்பாங்களே!"